ஸ்டேப்ளர் அடித்த கடைசி அத்தியாயம்

திண்டிவனத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியறையில் அந்த அக்கா ஒரு பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார் என்று நான் நம்பினேன். சும்மா சந்தேகப்பட்டேன் என்று எழுதி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் நம்பினேன். நாற்பத்தைந்தைத் தாண்டியவன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே வீடும் மனையும் பேசி முடித்துக் கொடுக்கிற புரோக்கர் வேலையில் பிழைக்கிறவன். அப்படிப்பட்டவன் பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், ஒரு செருப்பை மாடிப்படியிலும் இன்னொன்றை வாசலிலும் விட்டுவிட்டு ஓடினேன். பைக்கை எடுக்கவில்லை. பைக்கை எடுக்க வேண்டுமென்றால் சாவியைத் துவாரத்தில் போட வேண்டும், அதற்குக் கை ஆடாமல் நிற்க வேண்டும். கால் ஆடினால் கவலையில்லை, ஓடுகிறபோது அது தெரியாது.

ஓட வைத்தது பேய் என்று சொன்னால் பேய்க்குத்தான் பெருமை. நிஜத்தில் என்னை ஓட வைத்தவை அந்த அக்கா எனக்குப் படிக்கக் கொடுத்த புத்தகங்கள்.

அக்காவின் பேர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. எழுதினால் கையில் ஸ்டேப்ளரோடு வந்து நிற்பார் என்று இப்போதும் ஒரு பயம் இருக்கிறது. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த வீடு திண்டிவனத்தில், சர்ச்சுக்குப் பின்தெருவில். ஆனால் வயசின் பெரும்பகுதியை விழுப்புரத்தில் தம்பி வீட்டில் கழித்தார். தம்பிக்கு ஹார்டுவேர் கடை. அக்காவுக்கு அந்த வீட்டில் சமையல், தம்பி பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, ராத்திரி ஹாலில் டிவி பக்கத்தில் பாய். திண்டிவனத்தில் தனியாக இருந்த அம்மா தவறிப்போனதும் வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டை விற்றுவிடலாம், விற்கிற வரைக்கும் யாராவது ஒருத்தர் போய் இருந்தால் நல்லது என்று தம்பி சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே அக்கா பஸ் ஏறிவிட்டார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் அரிசிச் சாக்கு. சாக்கில் அரிசி இல்லை, நாவல்கள்.

பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் தொங்குமே, அந்த வகை நாவல்கள். அட்டையில் ஒரு பங்களா, பின்னால் நிலா, முன்னால் ஒரு பெண், அவள் கையில் மெழுகுவர்த்தி. கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாதியில்லாத ஒரு பெண் மலைமேல் இருக்கிற பெரிய வீட்டுக்கு வேலைக்கு வருவாள். அந்த வீட்டுக்காரன் சிரிக்கவே மாட்டான். மாடியில் ஓர் அறை பூட்டியிருக்கும், அதைப் பற்றிக் கேட்டால் வேலைக்காரக் கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மழை பெய்யும், கரண்டு போகும், எங்கேயோ ஒருத்தி அழுவாள். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் தோதான சீதோஷ்ணமே கிடையாது. மலை இல்லை, மழையும் வருகிற வருஷம்தான் வரும். கரண்டு மட்டும் போகும். அப்போதும் நாங்கள் பயப்படுவதில்லை, விசிறிக்கொள்வோம்.

வீட்டை விற்றுக் கொடுக்கச் சொல்லித் தம்பிக்காரர் என்னிடம் ஒப்படைத்தார். அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். வீடு விற்று முடிந்ததும் அக்கா பழையபடி விழுப்புரத்துக்கே வந்துவிடுவாங்க, அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார். நானும் கவலைப்படவில்லை. புரோக்கர் எதற்கு அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டும்?

முதல் தடவை நான் போனபோது கேட் திறந்தே இருந்தது. அந்தக் கேட் எப்போதும் திறந்துதான் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிய வீடு. தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுத் தளம், ஜன்னல் வளைவுகளில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. அக்கா இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு வந்தார். நடந்தால் சலங்கை கட்டியது மாதிரி சத்தம் வந்தது. அந்தச் சாவிகளில் பாதிக்குப் பூட்டே கிடையாது.

"வீட்ட விக்க வந்தவரா?" என்றார். "மூணாவது அத்தியாயத்துல வருவீங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். எல்லாக் கதையிலும் வீட்டைக் கைமாற்றிவிட ஒருத்தன் வருவானாம், சாதுவாகப் பேசுவானாம். அவன் நல்லவனா கெட்டவனா என்பது கடைசியில்தான் தெரியுமாம்.

"நான் கடைசி படிக்கறதில்ல. அதனால உங்கள ரெண்டுமா வெச்சிக்கறேன். உக்காருங்க, மல்லாட்டை வெந்துக்கினு இருக்குது." எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர்.

இரண்டாவது தடவை போனபோது நான் 'தம்பி' ஆகிவிட்டேன், மூன்றாவது தடவை 'நீ' ஆகிவிட்டேன்.

கடைசி படிப்பதில்லை என்று அவர் சொன்னது பேச்சுக்காக அல்ல. அந்த அரிசிச் சாக்கில் இருந்த அத்தனை நாவல்களிலும் கடைசி அத்தியாயம் சுற்றிலும் ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கவாட்டில் மூன்று. புது நாவல் வாங்கி வந்தால் முதல் வேலையாகப் பின்பக்கத்திலிருந்து புரட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு, எழுத்து கண்ணில் விழாதபடி அத்தியாயம் ஆரம்பிக்கிற இடத்தைப் பிடித்துப் பின் அடித்துவிடுவார். மருந்து பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வைப்பது மாதிரி ஒரு பதனம்.

ஏன் என்று கேட்டேன். எந்தக் கேள்விக்கும் அந்த அக்கா உடனே பதில் சொல்லிப் பார்த்ததில்லை, இதற்கு மட்டும் தயாராக வைத்திருந்தார்.

"கடைசியில எவனாவது ஒருத்தன் வந்து எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லுவான். அழுதது பேய் இல்ல, சித்தப்பன்னு ஆயிடும். அது போவட்டும். அதுக்கப்புறம் அந்தச் சிரிக்காத ஆளு சிரிப்பான். இவ கையப் புடிச்சிக்கினு, இந்த வீடு நமக்கு வேணாம், வித்துட்டு டவுனுக்குப் போயிடலாம்னுவான். இவளும் தலைய ஆட்டுவா." அக்கா ஒரு மல்லாட்டையை உடைத்தார். "எல்லாக் கதையிலயும் கடைசியில வீட்ட வித்துடறாங்க தம்பி."

நான் வீடு விற்க வந்தவன் என்பதை அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேரில் ஒருத்தர்தான் மறந்திருந்தார். அது அக்கா இல்லை.

இன்னொரு நாள், பயம் காட்டுகிற கதையில் அப்படி என்னக்கா இருக்கிறது என்று சீண்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தக் கதைகளில் அந்தப் பெண் வந்து இறங்கியதும் முதலில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். நான் யோசித்தேன். மெழுகுவர்த்தி என்றேன். இல்லை, சாவிக்கொத்து என்றார். வேலைக்கு வந்தவள் கையில் மொத்த வீட்டின் சாவியையும் கொடுத்துவிடுகிறார்கள், ஒரே ஒரு அறை மட்டும் கூடாது என்கிறார்கள். தம்பி வீட்டில் இருந்த அத்தனை வருஷத்தில் தனக்கு ஒரு பீரோ சாவிகூட கிடையாது என்றார். குறையாகச் சொல்லவில்லை. இட்லிக்கு உப்பு கொஞ்சம் கம்மி என்பது மாதிரிதான் சொன்னார்.

"பயப்படறதுக்கும் ஒரு ரூம் வேணும்யா. ஹால்ல படுத்துக்கினு எப்படிப் பயப்படறது? கதவு கிரீச்சுன்னு சத்தம் போட்டா எந்திரிச்சுப் பார்த்தா தம்பி பையன் ஃபிரிட்ஜைத் தொறந்துக்கினு நிக்கிறான்."

இந்த வீட்டில் பயப்பட முடிகிறதா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. வந்த நாளிலிருந்து முயற்சி செய்கிறாராம், ஒரு நாள்கூடப் பயம் வரவில்லையாம். விளக்கை அணைத்துப் பார்த்தாராம், தூக்கம்தான் வந்ததாம்.

வீடு பார்க்கப் பார்ட்டி வரும்வரை முன்னறையில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் ஒரு புத்தகம் கொடுப்பார். முதலில் கேலி செய்துகொண்டே படித்தேன். பிறகு கேலி செய்யாமல் படித்தேன். அதற்கும் பிறகு வீட்டுக்கு எடுத்துப்போய் ஒளித்துப் படித்தேன். எனக்கு ஏதோ பரீட்சை வருகிறதா என்று என் மனைவி கேட்டாள். ஒரே ஒரு தடவை சபலப்பட்டு, நகத்தால் பின்னைப் பிரித்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கடையில் கொடுத்துத் திரும்பப் பின் அடித்து வைத்தேன். அக்கா புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை ரெண்டு ஜோடியா இருக்குதே என்றார். அதற்கப்புறம் நான்கு தடவை போயும் மல்லாட்டைதான் கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை. பிறகு நான் திருந்திவிட்டேன். திருந்தியதன் விளைவு என்னவென்றால், ஒரு சாக்கு நாவல் என் தலைக்குள் இறங்கியது, ஒன்றுக்குக்கூட முடிவு இல்லாமல். அழுதது யார் என்று தெரியாது. பூட்டிய அறையில் என்ன இருந்தது என்று தெரியாது. அத்தனை பூட்டிய அறைகளையும் மண்டையில் சுமந்துகொண்டு நான் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பைக்கோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

பார்ட்டிகளை அக்கா நன்றாகவே வரவேற்பார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் பழைய வீட்டைக் காட்டும்போது ஒரு சூட்சுமம் உண்டு. அந்த வீட்டில் யார் செத்தார்கள் என்று பார்ட்டி கேட்பதற்குள் மாடிக்குப் போய்விட வேண்டும். அக்கா யாரும் கேட்காமலே கீழேயே ஆரம்பித்துவிடுவார்.

பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர் மனைவியோடு வந்தார். அக்கா முன்னறையில் கிடந்த ஈசிசேரைத் தட்டிக் காட்டினார். பெரியப்பா இதிலேதான் போனாராம். நல்ல சாவாம், காபி குடித்துக்கொண்டே போனாராம், டம்ளரைக்கூடச் சிந்தவில்லையாம். அடுத்த அறையில் அத்தை. அதற்கடுத்த அறையில் தாத்தா, அம்மா இரண்டு பேரும், ஆனால் வேறு வேறு வருஷத்தில். அந்த மனைவி மெல்லிய குரலில், துர்மரணம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். தூணைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"கெணத்துல ஒருத்தர். ஆனா அவரு விழல, தூர் வார எறங்குனாரு. நல்லபடியாத்தான் ஏறி வந்தாரு. அப்பறம் ஜன்னி வந்துடுச்சு. அது துர்மரணத்துல சேருமா, புரோக்கரே?"

புரோக்கர் அப்போது தேக்கு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தம்பதி வாசலில் செருப்பு மாட்டிய வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அக்கா வேண்டுமென்றே செய்கிறாரா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் படுகிறது. அந்த வீட்டைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்கிற சந்தோஷம் அவருக்கு. அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பார்ட்டியும் திரும்பிப் போன பிறகு, சாவிக்கொத்தை இடுப்பில் நன்றாக அழுத்திச் செருகிக்கொள்வார். அதை நான் கவனித்திருக்கிறேன்.

கடைசியாக, எதற்கும் அசையாத ஒரு பார்ட்டி கிடைத்தது. கல்யாண மண்டபம் நடத்துகிறவர், இரண்டாவது மண்டபம் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். அக்கா ஈசிசேரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சாவாகச் சொல்லி முடித்தார். மண்டபக்காரர் கைகட்டிக் கேட்டார். பிறகு, சம்பந்தி வீட்டுச் சண்டை எத்தனையோ பார்த்தவன் நானு, பேய் வந்து புதுசா இன்னாமா பண்ணிடும் என்றார். வீட்டை இடித்துவிடுவதாக இருந்தார். உத்தரத்துத் தேக்கு மட்டும் வேண்டுமாம். மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா முதல்முறையாகத் தயங்கினார். மேல் ரூம் இப்போது வேண்டாம், ஈஸ்டர் முடியட்டும் என்றார். இது நாள் கடத்துகிற வேலை என்று எனக்கு உடனே தெரிந்துபோனது. புரோக்கர் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அன்றைக்கு மண்டபக்காரர் போன பிறகு அக்கா புத்தகம் கொடுக்கவில்லை. மல்லாட்டையும் வேகவில்லை. தம்பிக்குப் போன் போட்டு முடிந்துவிட்ட மாதிரிதான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை நின்று கேட்டார்.

"விழுப்புரத்துல ஹால்ல இப்ப பெரிய டிவி மாட்டியிருக்கான் தம்பி," என்றார். "பாய் போடற எடத்துல ஸ்பீக்கர் பொட்டி இருக்குதாம். சமையல்கட்டுலதான் படுக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். நான் சிரித்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஒப்பந்தம் எழுதுவதாகப் பேச்சு. அதற்கு முந்தின வாரம், உத்தரத்தை மாடிப்பக்கமிருந்தும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் மண்டபக்காரர். மத்தியானம் போனேன். கேட் திறந்திருந்தது. அக்கா என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. அடுப்படியில் இல்லை, கிணற்றடியிலும் இல்லை. மாடிப்படிக் கதவில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. குளிக்கும்போதுகூட அதைக் கைக்கெட்டுகிற ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் குளிப்பார் என்று நினைத்திருந்தவன் நான். செருப்பைக்கூடக் கழற்றத் தோன்றவில்லை. அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் மேலே ஏறினேன். இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏறும்போது நான் வீரனாகத்தான் ஏறினேன்.

மாடியறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஜன்னல் சாத்தி, வளைவுக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் கசிந்தது. அதன் நடுவே ஒரு பெண் எனக்கு முதுகு காட்டி நின்றாள். என்னைவிட உயரம். இடுப்புக்குக் கீழே இறங்கிய கூந்தல். கறுப்புப் புடவை பாதி உடுத்தியும் பாதி தொங்கியும் இருந்தது. புடவை முடிந்த இடத்தில் தரை இல்லை, தரைக்கும் அவளுக்கும் நடுவே இடைவெளி. எதிரே பீரோ கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வெளுத்த முகம், மேலே பார்த்த கண்கள். கன்னத்தில் பாதி தூரம் இறங்கிய கண்ணீர் அங்கேயே நின்றிருந்தது, கீழே விழவே இல்லை.

நான் அதுவரைக்கும்கூட நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒருவேளை சொந்தக்காரப் பெண்ணாக இருக்கும், உடை மாற்றுகிறாள், ஒதுங்கிப் போகலாம் என்றுகூட மனசின் ஒரு மூலை சொன்னது. அப்போதுதான் கட்டிலைப் பார்த்தேன். கட்டிலில் வெள்ளைத் துண்டு. துண்டின்மேல் இரண்டு கைகள். மணிக்கட்டோடு. விரல்கள் லேசாக வளைந்து, யாரிடமோ எதையோ கேட்கிற மாதிரி கிடந்தன. பக்கத்தில் வெள்ளிப்பிடி போட்ட ஒரு கத்தி.

காற்று வந்தது. முந்தானை அசைந்தது.

படி இறங்கும்போது எனக்குள்ளே ஒரு விவாதம் நடந்தது. இது பேயா, அடைத்து வைத்துச் செய்த கொலையா? பேய் என்றால் அக்காவுக்கு ஆபத்து, கொலை என்றால் அக்காவால் ஆபத்து. வாசலுக்கு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன், இரண்டுக்கும் ஓட்டம் ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது, தாவி ஏறினேன். கண்டக்டர் என் காலைப் பார்த்தார். திருவாமாத்தூர் கோயிலுக்கு வேண்டுதல் என்றேன். வெறுங்காலோட நடந்து போறவங்களப் பாத்திருக்கேன், டிக்கெட் வாங்கிக்கினு போறவர இப்பத்தான் பாக்கறேன் என்றார். சீட்டில் உட்கார்ந்ததும் மண்டபக்காரருக்குப் போன் போட்டேன். மெதுவாகத்தான் பேசினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம். ஆனால் நான் கூந்தல் என்றபோது முன்சீட்டு அம்மா திரும்பினார். கத்தி என்றபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கைகளைச் சொன்னபோது பஸ்ஸே எழுந்து நின்றது. விக்கிரவாண்டியில் இறங்கினவர்கள் விக்கிரவாண்டிக்கும், விழுப்புரத்தில் இறங்கினவர்கள் விழுப்புரத்துக்கும் கதையைக் கொண்டுபோனார்கள்.

மண்டபக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார். "பேயப் பத்தி எனக்கு இன்னாயா பயம்? பேச்சப் பத்தித்தான் பயம். அந்த எடத்துல மண்டபம்னா எவன் கல்யாணப் பத்திரிகைல போடுவான்? வுட்டுடு."

மறுநாள் காலையில் ஒரு நண்பரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பைக்கை எடுக்கப் போனேன். நண்பர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். அக்கா வாசலில் என் இரண்டு செருப்பையும் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு நின்றிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டார். நான் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன்.

அக்காவின் கண் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்துவிட்டார். முதலில் என்ன தெரிந்தது, முடியா முகமா? கை எந்தப் பக்கம் கிடந்தது? தண்ணீர் குடிக்கத் தோன்றியதா, குரல் வந்ததா? காற்று வந்தபோது எனக்கு உடம்பில் எங்கே சில்லிட்டது? எல்லாம் கேட்டார். நான் முதுகு என்றேன். முதுகா என்று திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு பொறாமையோடு ஒருத்தர் என் முதுகைப் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

மண்டபக்காரரிடம் மட்டும் என்றேன். கொஞ்சம் விட்டு, பஸ்ஸில் வைத்து என்றேன்.

"அவரு இன்னா சொன்னாரு?"

சொன்னேன். அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல வர்றியா? வந்து பாத்துடு," என்றார் பிறகு. நிதானமாக, நிஜமாகவே கூப்பிட்டார்.

"வேணாங்க்கா."

"நல்லா யோசிச்சிக்கோ. கூப்புடலன்னு அப்பறம் சொல்லக் கூடாது."

"வேணாங்க்கா," என்று பைக்கை உதைத்தேன்.

அடுத்த இரண்டு வாரம் திண்டிவனம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தேன். போனால் மாடியைக் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று தோன்றியது, அந்த யோசனையை விட்டுவிட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்கு, கிளியனூரில் ஒரு மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது திண்டிவனத்தில் மாட்டிக்கொண்டேன். நான் லீவு நாளில் அந்த ஊரில் இருந்ததே இல்லை. தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம், பாட்டு, மெழுகுவர்த்தி. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. வண்டியை நிறுத்தி ஓரமாக நின்றேன்.

அவள் வந்தாள். நாலு ஆட்களின் தோள்மேல், கறுப்புப் புடவையில், அதே கூந்தலோடு, அதே முகத்தோடு, கன்னத்தில் பாதி தூரம் இறங்கிய அதே கண்ணீரோடு வந்தாள். எனக்கு வண்டியையும் விட்டுவிட்டு ஓடத்தான் தோன்றியது, சுற்றிலும் கூட்டம் என்பதால் முடியவில்லை. இந்த முறை கைகள் இருந்தன, மார்பின் முன்னால் கூப்பியிருந்தன. நெஞ்சில் அந்த வெள்ளிப்பிடிக் கத்தி குத்தியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, வியாகுல மாதாவே என்றார். மகன் சிலுவையில் சாவதைப் பார்த்து, நெஞ்சில் கத்தி பாய்ந்த மாதிரி அழுகிற மாதா.

சிலைக்குப் பின்னால், முந்தானை நழுவினால் குத்துவதற்கு ஊக்கு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா நடந்து வந்தார். என்னைப் பார்த்தார். வரிசையிலிருந்து இரண்டடி விலகி என் பக்கத்தில் வந்தார்.

"கைய மாட்டிட்டேன்," என்றார். மறுபடியும் போய் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு சண்டை போட்டேன். மேலே வந்து பார் என்று ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீதான் உன் கதைக்கு நீயே பின் அடித்துக்கொண்டாய் என்றார்.

தம்பிக்காரர் விழுப்புரத்திலிருந்து கோபமாக வந்தார். வீட்டில் பேய் இருக்கிறதாமே என்று அக்காவைக் கேட்டார். இல்லைடா, மாதாதான் இருந்தாங்க, கோயிலுக்குப் போய்ட்டாங்க என்றார் அக்கா. எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடு என்று எனக்கு உத்தரவு வந்தது. சொன்னேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், அந்த ரூட் கண்டக்டரிடம், மண்டபக்காரரிடம், எல்லாரிடமும் சொன்னேன். கை துண்டாகக் கிடந்ததை நம்பிய ஒருத்தர்கூட, அது மரம் என்றதை நம்பவில்லை. வீட்டைத் தள்ளிவிடுவதற்கு புரோக்கர் கதை கட்டுகிறான் என்றார்கள். என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான், அதற்குத்தான் இந்த மரியாதை. மண்டபக்காரர் கிளியனூர் ரோட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார். தம்பிக்காரரும் ஒரு வருஷம் அலைந்து பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டார்.

அதற்கப்புறமும் நான் அந்தப் பக்கம் போனால் அக்கா விடமாட்டார். மல்லாட்டை வரும், டீ வரும். ஈசிசேரில் சாய்ந்துகொண்டு, சொல்லு என்பார். சாவிக்கொத்து தொங்கியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவசரப்பட்டால் பிடிக்காது. கையை இப்பவே சொல்லாதே, முதலில் முடியைச் சொல்லு என்பார். புடவைக்குக் கீழே தரை இல்லை என்கிற இடத்தில் காலை மடக்கிக்கொள்வார். காற்று வந்தது, முந்தானை அசைந்தது என்பேன். அவர் கையைத் தூக்குவார்.

"அங்கயே நிறுத்து."

எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, அதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்ல விட்டதில்லை. அந்த வீட்டில் பயம் என்று ஒன்று வந்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் தனக்கு வராமல் இந்தப் புரோக்கருக்கு வந்துவிட்டதே என்று கடைசிவரை அவருக்கு ஒரு மனக்குறை.

அவர் கேட்க விடாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மாதாவுக்குப் புடவை உடுத்துகிற உரிமை அவர்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் சிலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரிய வெள்ளிக்கு உடுத்தி அனுப்ப வேண்டும். அம்மா செய்துகொண்டிருந்தார், பிறகு அக்கா செய்தார். முகமும் கையும்தான் சிலை, உள்ளே வெறும் மரச்சட்டம், கீழே அந்த மங்கல் வெளிச்சத்தில் எனக்குத் தெரியாமல் போன பீடம். கூந்தல் யாரோ நேர்ந்துகொண்டு கொடுத்த முடி. கண்ணீர் கண்ணாடி. ஜாக்கெட் போட வேண்டுமானால் கைகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கழற்றித் துண்டில் வைத்திருந்தார். புடவை ஓரம் அடிக்கக் கறுப்பு நூல் தீர்ந்துபோனதால், சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தார். நான் வந்தேன், பார்த்தேன், ஓடினேன். வீடு விற்கவில்லை. அக்கா அங்கேயே இருந்தார், சாகிற வரைக்கும்.